மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு பக்கம்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில் நிஷாவுக்கு வேலை. கிராமத்தார் உடம்புக்கு முடியாதபோது போன் செய்து ஆலோசனை கேட்கும் உதவி மையம் ஒன்றுக்குச் சொற்கள் சேர்ப்பாள். மையத்துக்கு ஒரு விக்கி இருந்தது. பலரும் எழுதித் திருத்துகிற பக்கங்கள். பேசுபவர் சொல்லும் சொல்லைச் சென்னையில் போன் எடுக்கும் பெண் கணினியில் தட்டினால், பொருளும் ஆலோசனையும் திரையில் வரும்.

நிஷாவின் பெற்றோர் கூலிக்கு நாற்று நட்டவர்கள். கல்லூரி விடுமுறையில் அவளும் சேற்றில் இறங்கியவள்தான். அதனால் ஒரு நாள், பழைய அழைப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்தவள் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"மருந்துனால தலை கிறுகிறுன்னு கீதும்மா. வாந்தி வர மாரி கீது." பெருநகர் என்ற ஊரிலிருந்து செங்கேணி என்ற பெண்.

"வெறும் வயித்துல எடுக்காதீங்க. சாப்பிட்டுட்டு எடுங்க. பாதியில நிறுத்திடாதீங்க" என்றது சென்னைக் குரல்.

செங்கேணி சொன்னது மாத்திரையை அல்ல, பயிருக்கு அடிக்கும் மருந்தை என்று நிஷாவுக்குத் தோன்றியது. அழைப்பு வந்து நான்கு நாளாகியிருந்தது. அந்த எண்ணுக்குப் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. பெருநகர் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

செங்கேணி வீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கண்கள் மட்டும் உள்ளே போயிருந்தன.

"பயிருக்கு அடிக்கிறவங்களுக்கு மருந்து கலக்கிக் குடுத்துக்கினு இருந்தேன். போன்ல சாப்பிடச் சொன்னாங்க. கஞ்சி குடிச்சிட்டு மறுபடியும் கயனிக்குப் போனேன். சாயங்காலம் ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. ரெண்டு நாள் இருந்தேன். அந்தப் பொண்ணு தன்மையாத்தான் பேசுச்சு."

அவள் யாரையும் குறை சொல்லாதது நிஷாவுக்கு மேலும் உறுத்தியது.

மறுநாள் விக்கியைக் கட்டிய தமிழ்வாணனிடம் பேசினாள். மருந்துக்கு இரண்டு பக்கம் வேண்டும் என்றாள். ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம்தான், இல்லாவிட்டால் போன் எடுக்கிறவர்கள் குழம்பிப்போவார்கள் என்றார் அவர். நிஷா வாதாடவில்லை. செங்கேணி பேசிய அழைப்பின் பதிவை அனுப்பினாள். ஒரு மணி நேரம் கழித்து அவரே அழைத்தார்.

"எப்படிப் பிரிக்கலாம், நிஷா?"

"எந்த இடத்துல சொல்றாங்கன்னு வச்சுப் பிரிக்கலாம் சார். வூடு, கயனி, மாட்டுக் கொட்டகை."

மூன்று வாரம் அதே வேலையாகப் போயிற்று. இப்போது மருந்து என்று தட்டினால் முதலில் ஒரு கேள்வி வரும்: உடம்புக்கா, பயிருக்கா, மாட்டுக்கா? பயிருக்கு என்றால் அந்தப் பக்கம் திறக்கும்: வேலையை நிறுத்து, சோப்புப் போட்டுக் குளி, துணியை மாற்று, மருந்து டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கிருந்து மயக்கம், வாந்தி பக்கங்களுக்கு இணைப்பு.

அதைச் செங்கேணிக்குப் படித்துக் காட்ட நிஷா மறுபடி பெருநகர் போனாள். பாதியில் செங்கேணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மயக்கம்னு போட்டுக்கிறியே. மயக்கம்னா நெனவு தப்பிக் கீய வுயறது. எனக்கு வந்தது கிறுகிறுப்பு. ரெண்டும் ஒண்ணா?"

நிஷா போனிலேயே கிறுகிறுப்புக்குப் புதிய பக்கம் தொடங்கி, பூச்சிமருந்துப் பக்கத்தோடு இணைத்தாள். ஒரு சொல்லைச் சொன்னவர் யார் என்று எழுத விக்கியில் இடமே இல்லை. அன்று மாலை தமிழ்வாணனிடம் அதையும் கேட்டு வாங்கினாள். முதலில் ஏறிய பெயர்: செங்கேணி, பெருநகர்.