கார்புரேட்டர் இல்லாத வண்டி

அப்பா ஓய்வு பெற்ற மறுவருஷம் புதுக் கார் வாங்கினார். 2007 ஆக இருக்கும். எங்கள் குடும்பத்தின் முதல் கார் அது என்று சொல்ல முடியாது. அவருடைய தம்பி, என் சித்தப்பா, தக்கலை டாக்சி ஸ்டாண்டில் பல வருஷமாகப் பழைய அம்பாசடர் ஒன்று ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அப்பா அதை ஒருநாளும் கார் என்று சொன்னதில்லை. "அவனுக்க சவ வண்டி" என்பார்.

அப்பா தலைமையாசிரியராக இருந்தவர். பிள்ளைகளை அவர் அடித்ததாக யாரும் சொன்னதில்லை. தப்பாகப் பதில் சொன்ன பையனை எழுப்பி, அதே தப்பை வகுப்பு முழுக்கச் சிரிக்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவைப்பார். மற்ற வாத்தியார்களின் பிரம்பைவிட அதற்குத்தான் பையன்கள் பயந்தார்கள்.

சித்தப்பாவும் லேசுப்பட்டவர் அல்ல. அப்பாவுக்கு அறுபதை நெருங்கும்போதுதான் ஓட்டவே தெரியவந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் தென்னையில் இடிப்பார். சித்தப்பா அதை ஸ்டாண்டில் போய் நடித்துக் காட்டுவார். அப்பா கியர் மாற்றும்போது நாக்கைக் கடிப்பதை அவர் செய்து காட்டினால் யாருக்கும் சிரிப்பு அடங்காது.

கார் வந்த கொஞ்ச நாளிலேயே சித்தப்பாவுக்கு அதன் சத்தம் பிடிக்காமல் போனது. முற்றத்தில் நிற்கும் வண்டியின் பானட்டில் கையை வைத்துக்கொண்டு சொல்வார்.

"அண்ணே, ஒரு மிஸ்ஸிங் உண்டு கேட்டியளா, எடையில எடையில வெட்டுவு. ஒரு டியூனப் அடிச்சா சரியாவும்."

"லேய், இது புது வண்டி."

"புதுசானா என்ன? இஞ்சின் இஞ்சின்தானே. எனக்க வண்டிய நான் மாசாமாசம் பிளக் கழத்தி, பாயின்ட் தேச்சி, கார்புரேட்டர் திருகி வைப்பேனாக்கும். அதனாலதான் இன்னும் ஓடுவு."

அப்பா காதில் வாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அப்பா சபைக் கமிட்டிக் கூட்டத்தில் இருந்த நேரம், சித்தப்பா எங்கள் வீட்டிலிருந்து கார் சாவியை எடுத்துப் பானட்டைத் திறந்துவிட்டார். பிளக்குகளைக் கழற்றினார். உப்புத்தாளால் தேய்த்தார். இடைவெளியைத் தட்டிச் சரிசெய்து திரும்ப மாட்டினார். கார்புரேட்டரைத் தேடி இரண்டு மூன்று ஒயர்களையும் பிடுங்கிப் பார்த்தார். கடைசியில் வண்டியைக் கிளப்பியபோது அது குலுங்கியது. டேஷ்போர்டில் இஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை.

அப்பா வந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். கத்தவில்லை. தம்பியிடம், "கையக் கழுவு. நாளைக்கு நாகர்கோவில் போறோம்" என்று மட்டும் சொன்னார். அவர் கத்தாமல் இருந்தது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நீயும் கூடப் போ மக்ளே" என்று என்னை அனுப்பினாள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை.

சர்வீஸ் சென்டரில் காத்திருக்கும் இடத்தில் நிறைய ஆட்கள் இருந்தார்கள். சேதம் பெரிதல்ல. புதுப் பிளக் போட்டு, தளர்ந்திருந்த ஒயரைச் சரியாக மாட்டினால் போதும் என்று அங்கிருந்தவர் சொன்னார். அப்பா விடவில்லை.

"இந்த வண்டியில கார்புரேட்டர் உண்டா சார்?"

"இல்ல சார். பெட்ரோல் எவ்வளவு போகணும்னு கம்ப்யூட்டரே பாத்துக்கும். பிளக்குக்குப் பொறி அனுப்புற பாயின்ட்டும் கிடையாது, டிஸ்ட்ரிபியூட்டரும் கிடையாது. திருகிச் சரிசெய்ய ஒண்ணும் இல்ல."

அப்பா தம்பியின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? இப்போ நீ சொல்லு."

"என்னது?"

"அவரு சொன்னத சொல்லு."

சித்தப்பாவுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. சுற்றிப் பார்த்தார். "கார்புரேட்டர் கெடையாது" என்றார் மெதுவாக.

"கடைசி பெஞ்சுக்குக் கேக்கல்ல."

"கார்புரேட்டர் கெடையாது. பாயின்ட் கெடையாது. டிஸ்ட்ரிபியூட்டர் கெடையாது."

சிலர் சிரித்தார்கள். சர்வீஸ் ஆள் தரையைப் பார்த்தார். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் தட்டிவிட்டார்.

அதோடு முடிந்திருந்தால் ஆறியிருக்கும். என் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்தார்கள். சாப்பாடு நடக்கும்போது பேச்சு கார் பக்கம் போனது. அப்பா உற்சாகமாகி, "எனக்க தம்பி பெரிய மெக்கானிக்கு. எலே, நம்ம வண்டியில என்னவெல்லாம் கெடையாதுன்னு சொல்லு" என்றார். சோற்றில் கைவைத்திருந்த சித்தப்பா எழுந்து நின்று மூன்றையும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சித்தி பரிமாறிக்கொண்டிருந்த அவியல் பாத்திரத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பின்வீடுதான். இடையில் ஒரு வேலி.

தம்பி சொன்னது தப்பு என்று ஆனதிலிருந்து, வண்டிக்கு எதுவுமே செய்ய வேண்டாம் என்பது அப்பாவின் கொள்கையாகிவிட்டது. இலவச சர்வீஸ்கள் முடிந்த பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. "எல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கிடும்." ஏர் ஃபில்டர் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. சில வருஷத்தில் வண்டி ஏற்றத்தில் இழுக்கத் திணறியது. மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. அவர் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினார்.

பெரியம்மா, அம்மாவின் ஒரே அக்கா, அஞ்சுகிராமத்தில் இறந்துபோனபோது நான் தக்கலையில் அம்மா வீட்டில் இருந்தேன். பிற்பகல் அடக்கம். மூவரும் காரில் புறப்பட்டோம். சுசீந்திரம் தாண்டியதும் வண்டி இரண்டு முறை வெட்டி இழுத்துவிட்டு நின்றது. அப்பா சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது.

"ஆட்டோ பிடிக்கலாம்ப்பா" என்றேன்.

"கார் வச்சிருக்கவன் ஆட்டோவுல போயி எறங்கவா? இப்ப ஸ்டார்ட் ஆவும்."

அம்மா கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டு இருந்தாள். அப்போது எங்கள் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வாடகை வேன் வந்தது. ஓட்டியவர் சித்தப்பா. நிறுத்தினார். அம்மா ஓடிப்போய் வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, எனக்கு அக்கா மொகத்த ஒருதடவ பாக்கணும். ஏத்திக்கோ."

சித்தப்பா அவளைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தார். "அண்ணே, என்ன வண்டிக்கு? கார்புரேட்டரா? கெடையாதே. பாயின்ட்டா? கெடையாதே. டிஸ்ட்ரிபியூட்டரா? அதுவும் கெடையாதே! பின்ன என்னத்துக்கு நிக்குவு?"

வேனுக்குள் சிரிப்பு எழுந்தது. சாவு வீட்டுக்குப் போகிறவர்கள், கையில் மாலையோடு சிரித்தார்கள்.

"எடமில்ல மைனி" என்று அம்மாவிடம் சொல்லி வண்டியை எடுத்தார். பின்சீட்டில் இரண்டு பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது. நானும் பார்த்தேன், அம்மாவும் பார்த்தாள்.

அதன் பிறகும் அப்பா சாவியை விடவில்லை. நான் அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கி, சாலையில் நடத்திக் கூட்டிப்போய் ஓர் ஆட்டோவை மறித்தேன். நாங்கள் கல்லறைத் தோட்டத்தை எட்டியபோது மண் மூடியாகிவிட்டது. ஆட்கள் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்த ஈரமண்ணில் உட்கார்ந்தாள். நான் எழுப்பவில்லை.

வண்டியைக் கட்டியிழுத்துச் சர்வீஸ் சென்டரில் விட்டோம். பிளக்குகள் தேய்ந்து கருகியிருந்தன. ஏர் ஃபில்டருக்குள் எலி கூடு கட்டியிருந்தது. காற்று போகும் வழியெல்லாம் கரி. "பழைய மாதிரி டியூனப்னு ஒண்ணு இதுக்கு இல்லங்க. அதுக்காகப் பிளக்கும் ஃபில்டரும் மாத்தாம விடலாமா? விளக்கு எரிஞ்சப்பவே வந்திருக்கணும்" என்றார் அங்கிருந்தவர். அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "உனக்க அக்கா நாள் பாத்துல்லா செத்தா" என்றார்.

இரண்டு கிறிஸ்துமஸ் போனது. அண்ணனும் தம்பியும் ராசியாகிவிட்டார்கள். எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆண்களுக்குள் ஏதோ பேசிச் சரியாகியிருக்க வேண்டும். அடுத்த கிறிஸ்துமஸுக்கு நான் போனபோது இருவரும் ஒரே மேஜையில் ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கொண்டு, சாலையில் கார் நின்ற கதையை என் கணவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா வியர்வையோடு சாவி திருகியதைச் சித்தப்பா நடித்தார். அப்பாவே விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்து சித்தப்பா, ஜன்னலைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அம்மாவின் குரலில், "தம்பி, எனக்கு அக்கா மொகத்த..." என்று இழுத்தார். அப்பாவுக்குப் புரையேறியது. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அம்மா பக்கத்தில் கரண்டியோடு நின்றாள். சித்தப்பாவின் தட்டில் இன்னும் இரண்டு துண்டு வைத்தாள். அடுக்களைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு துணிப்பையோடு வாசலில் இறங்கினாள். எங்கே என்று கேட்டேன். "அஞ்சுகிராமம்" என்றாள். பெரியம்மாவின் மகள் அங்கே தனியாக இருந்தாள். பஸ் ஏற்றிவிட மட்டும் என்னை விட்டாள்.

திரும்பி வருவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அப்பா தானே போகாமல் தம்பியைக் காரோடு அனுப்பினார். அம்மா சித்தப்பாவுக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். தன் அக்கா சொத்துக்காகத்தான் அவள் அங்கே இருக்கிறாள் என்று அப்பா சபையில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு அப்பாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனது. கட்டுப் போட்டுப் படுத்திருந்தவர், "உங்கம்மைய வரச்சொல்லு" என்றார். குரலில் பழைய மிடுக்கு இல்லை. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டாள்.

"வலிக்குதாமா அவருக்கு?"

"ஆமா."

"நர்சுமாரு உண்டுல்லா" என்றாள். பிறகு, தேங்காய் வெட்ட ஆள் வந்திருக்கிறான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.