பன்னிரண்டாவது சிலுவை காயவில்லை

கரையானால்தான் எனக்கும் என் மச்சானுக்கும் பகை வந்தது என்று எங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது சரியில்லை. பகை என் கல்யாணத்தன்றே வந்துவிட்டது. சாப்பாட்டுப் பந்தியில் அத்தனை பேருக்கு நடுவில், "எங்க ஊட்டு மாப்ளைக்கு வாய் சோறு துண்றதுக்கு மட்டும்தான், பேசறதுக்கு இல்ல" என்று அவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இருபத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. அன்று சிரித்ததற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். வளைகுடாவில் வண்டி ஓட்டிவிட்டு வந்து, எங்கள் ஊரிலேயே மாடி வீடு கட்டி உட்கார்ந்துவிட்டார். கோயில் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். நான் பத்தாவது வரை படித்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு மரவாடியில் அறுப்பு மிஷினில் நிற்கிறேன். தினமும் கிளியனூர் வழியாகப் பாண்டிச்சேரி பஸ்ஸில் போய் வருகிறேன். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்கு வாய் வராது. மரத்தோடு பேச வேண்டியதில்லை என்பதால்தான் இந்த வேலையில் நிலைத்தேன்.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் பதினான்கு சிலுவைகள் உண்டு. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், ஆண்டவர் பட்ட பாடுகளை நிலை நிலையாக நினைத்து, ஊர் முழுக்க அங்கே சிலுவைப்பாதை போகும். ஒவ்வொரு சிலுவைக்கு முன்னும் மண்டியிட்டு ஜெபம் சொல்லி, எழுந்திருக்கும்போது அந்தக் கட்டையைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றி, உதட்டில் வைத்துக்கொள்வார்கள். இது எங்கள் ஊர் வழக்கம். அந்தப் பதினான்கையும் செய்தவன் நான். மரவாடியில் கழித்துப்போட்ட வேப்பங்கட்டைகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் இழைத்து நட்டேன். ஊரில் என்னுடையது என்று சொல்ல வேறு எதுவும் இல்லை.

நட்ட மூன்றாம் வருடம் ஒன்பதாவது சிலுவை விழுந்தது. ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிற நிலை அது. எல்லோரும் மண்டியிட்டிருந்தபோது, காற்றுகூட இல்லாமல், மெதுவாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. மச்சான் கையில் மைக் இருந்தது.

"ஆண்டவர் மூணு தரம் உழுந்து உழுந்து எழுந்தாரு. எங்க மாப்ள நட்டது ஒரே தரம்தான் உழும், எழாது."

ஜெபத்துக்கு நடுவில் ஊரே சிரித்தது. நான் மைக் செட்டின் பேட்டரியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு கடைசியில் நின்றிருந்தேன். அது எப்போதும் என் வேலை. பேட்டரியோடு நின்றால் கூட்டத்துக்குள் போக வேண்டியதில்லை.

பிறகு போய்ப் பார்த்தேன். மண்ணுக்குள் இருந்த அடிப்பகுதி ஓரளவு நன்றாகத்தான் இருந்தது. மண்ணும் காற்றும் சேர்கிற அந்த நாலு விரல் உயரத்தில்தான் கட்டை பஞ்சாகியிருந்தது. வேம்பைக் கரையான் தின்னாது என்று நம்பியிருந்தேன். வைரம் பாய்ந்த நடுக்கட்டையை அது தொடவில்லைதான். சுற்றியிருந்த வெள்ளைக் கட்டையை ஒன்று விடாமல் தின்றிருந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கமிட்டி கூடியது. சிமெண்டுத் தூண் போட்டு, டைல்ஸ் ஒட்டி, ஒவ்வொன்றிலும் உபயம் என்று பெயர் பொறிக்கலாம் என்றார் மச்சான். முதல் பெயர் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. பாதர் என்னைப் பார்த்தார். அவர் ஊருக்குப் புதியவர், சண்டை பிடிக்காதவர்.

"நீங்க என்னங்க சொல்றீங்க?"

"ஒரு வருஷம் குடுங்க பாதர்" என்றேன். அதற்கே காது சூடாகிவிட்டது.

"குடுங்க பாதர், குடுங்க" என்றார் மச்சான். "மரத்துக்கு வைத்தியம் பாக்கப் போறாரு. டாக்டரு."

பாதர் ஒரு வருடம் கொடுத்தார். அடுத்த தவக்காலத்தில் புதுக்கட்டைகள் நன்றாக நின்றால் மரம், இல்லையென்றால் சிமெண்டு.

கடையில் விற்கிற டப்பா மருந்து பதினான்கு கட்டைக்கு எனக்குக் கட்டுப்படியாகாது. கையில் கிடைப்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடி எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில், வேப்பம் வெள்ளைக் கட்டையில் ஆறு முளைக்குச்சிகள் அடித்தேன். ஒன்று வெறும் குச்சி. ஒன்றுக்கு லாரி ஷெட்டிலிருந்து வேஸ்ட் ஆயில். ஒன்றுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும். ஒன்றுக்குக் கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரை வெந்நீரில் கரைத்து ஊறவைத்தது. ஒன்றுக்கு வேப்பெண்ணெய். ஆறாவதற்கு முந்திரித்தோல் எண்ணெய்.

அந்த எண்ணெயைக் கோட்டக்குப்பத்தில் படகுச் சாமான் விற்கிற பாய் ஒருவரிடம் வாங்கினேன். முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுப்பது, கறுப்பாக, பாகு மாதிரி இருக்கும். படகுக்கு அடியில் பூசுவார்கள். அவர் தகர டின்னைக் கொடுக்கும்போது சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"தம்பி, இது மரத்துக்கு மருந்து, மனுசனுக்கு நெருப்பு. கையில பட்டா தோல் உரிஞ்சிடும். இளக்கணும்னா மண்ணெண்ணெய் ஊத்திக்க, அது ஆவியா போயிடும். வேற எந்த எண்ணெயும் சேக்காத. ஒரு மாசம் வெயில்ல காய உடு. ஜல்தி வேலை இதுல ஆவாது."

குச்சிகளின் தலையில் வெட்டுப் போட்டு அடையாளம் வைத்திருந்தேன். நல்லவேளை. தங்கையைப் பார்க்க வந்த மச்சான், நான் வேலைக்குப் போயிருந்தபோது ஆறையும் பிடுங்கி இடம் மாற்றி நட்டுவிட்டுப் போயிருக்கிறார். மனைவி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணன் சும்மா வெளாட்டுக்குப் பண்ணிச்சு." நான் வெட்டுகளைப் பார்த்துத் திரும்பச் சரியாக நட்டேன். 

மழைக்காலம் போய், பொங்கல் முடிந்து பிடுங்கினேன். வெறும் குச்சி கையோடு பிய்ந்து வந்தது. மயில்துத்தத்தின் நீலம் முதல் மழையிலேயே கரைந்து ஓடியிருந்தது. போரிக் போட்டதைக் கரையான் தொடவில்லை, ஆனால் மழையில் மருந்து கழுவிப்போய் அடி நமுத்திருந்தது. கூரைக்குக் கீழே இருக்கிற சட்டத்துக்கு அது போதும், வெளியே நிற்கிற கட்டைக்கு ஆகாது. வேப்பெண்ணெய் நாற்றம் போனதும் கரையானும் ஏறிவிட்டது. வேஸ்ட் ஆயில் பரவாயில்லை, நுனி மட்டும் இளகியிருந்தது. முந்திரித்தோல் எண்ணெய்க் குச்சி அடித்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே வந்தது. நகத்தால் கீறினேன். கீறல் விழவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அன்று தனியாக உட்கார்ந்து சந்தோஷமாகச் சிரித்தேன்.

புதுக் கட்டைகள் இழைத்தேன். கையில் பாலிதீன் உறை கட்டிக்கொண்டு, அடியில் இரண்டு முழம் நன்றாக ஊறும்படியும், மேலே மெல்லிசாகவும் பூசினேன். அப்படியும் முழங்கையில் ஒரு சொட்டு பட்டு, தீப்பட்டதுபோலக் கொப்புளம் வந்தது. அந்தத் தழும்பு இருக்கிறது. பத்துக் கட்டைக்குப் பிறகு டின் காலி. கோட்டக்குப்பம் போனால் கடை பூட்டியிருந்தது. பாய் மகனைப் பார்க்க வெளிநாடு போயிருக்கிறார், வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு மூன்று வாரம்கூட இல்லை. தெருவில் எதிரே வந்தால், "இன்னா டாக்டரே, பேஷண்ட்டு பொழைப்பாரா?" என்று கேட்டுவிட்டுப் போவார் மச்சான்.

டின்னின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்தேன். நாலு கட்டைக்கு அது எட்டாது. வேஸ்ட் ஆயிலும் மோசமில்லையே, இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே என்று நானே முடிவு செய்து, பாதிக்குப் பாதி கலந்து பூசினேன். பாய் சொன்னதை மறந்து செய்யவில்லை. மச்சானுக்கு முன்னால் பத்துக் கட்டையோடு போய் நிற்க முடியாது என்றுதான் செய்தேன். மண்ணெண்ணெய் ஆவியாகும். எஞ்சின் ஆயில் ஆகாது. அது கலந்தால் அந்த எண்ணெய் இறுகவே இறுகாது, பிசுபிசுவென்று அப்படியே இருக்கும். இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டுக் கேட்டுக்கோ பந்தல்காலுக்கோ பூசுவதாக இருந்தால், இந்த ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்.

இன்னொன்று, சனங்கள் கட்டையைத் தொடுவார்கள் என்பதே என் நினைவில் வரவில்லை. சின்ன வயதிலிருந்து நான் கடைசியில் நிற்கிறவன், ஒரு நாளும் போய்த் தொட்டதில்லை. ஊரில் இந்தத் தப்பைச் செய்யக்கூடியவன் நான் ஒருவன்தான்.

முதல் வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. அப்போதும் வெயில் முதுகில் அறைந்தது. பத்து நிலைகள்வரை ஒன்றும் ஆகவில்லை. கட்டைகள் கறுத்து, பளபளவென்று நின்றன. "நல்லாத்தான் செஞ்சிக்கீறான்" என்று யாரோ ஒரு பெண் சொன்னது காதில் விழுந்தது. பதினொன்றாவதில், இட்லிக்கடை வைத்திருக்கும் அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு, கையைப் பார்த்து முந்தானையில் துடைத்தார். முந்தானையில் பழுப்புக் கறை. கலந்து பூசிய நாலும் காயவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்தது பன்னிரண்டு, ஆண்டவர் உயிர்விடுகிற நிலை. மச்சான் அங்கே ஒவ்வொரு வருடமும் ஒன்று செய்வார். மைக்கைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, கட்டையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, கண்ணை மூடி, உதட்டைப் பதித்து, ஊர் பார்க்க நிற்பார். அவர் மைக்கைக் கொடுத்ததைப் பார்த்தேன். கையை விரித்ததைப் பார்த்தேன். எனக்கும் அவருக்கும் முப்பது அடிகூட இருக்காது. ஒரு வார்த்தை போதும். பேட்டரி வயரைப் பிடுங்கினால்கூட எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். நான் சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கன்னத்தையும் வைத்தார்.

பதின்மூன்றாவதில் எனக்குக் குரல் வந்துவிட்டது. "தொடாதீங்க, ஈரமா இருக்குது, தொடாதீங்க" என்று கத்தினேன். ஊர் திரும்பி என்னைப் பார்த்தது. நான் கத்தி அவர்கள் கேட்டதே இல்லை.

மறுநாள் ஏழெட்டுப் பேருக்கு விரலிலும் உதட்டிலும் கொப்புளம். இட்லிக்கடை அம்மாவுக்கு இமை வீங்கி மூன்று நாள் கண் திறக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்காக இன்றும் எனக்கு மனசு வலிக்கிறது. மச்சானை விழுப்புரத்துக்குத் தோல் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். உதடு இரண்டும் தடித்து, கன்னம் வெந்து, கைகளில் முட்டைமுட்டையாக நீர் கோத்திருந்தது. போய்ப் பார்த்தேன். எனக்கு வலிக்கவில்லை.

மனைவி வீட்டுக்கு வந்து ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பதிமூணுல வந்த வாய் பன்னெண்டுல ஏன் வரல?"

 அவள் எனக்குச் சோறு போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி. பாதர் என் பக்கம்தான் பேசினார். கடைசி நாலையும் சுரண்டித் துடைத்து, காயும்வரை கோணி சுற்றி வைக்கலாம், மற்ற பத்தும் நன்றாக இருக்கின்றன, தெரியாமல் நடந்த தப்பு என்றார். பல பேர் தலையாட்டினார்கள். அன்று மச்சானால் வாயைத் திறக்க முடியாது என்பதால் கூட்டம் அமைதியாக இருந்தது. என் கட்டைகள் தப்பித்துவிட்டன என்றே நினைத்தேன்.

அப்போது அவர் எழுந்தார். உதட்டில் வெள்ளை மருந்து. ஒவ்வொரு எழுத்தும் கஷ்டப்பட்டு வந்தது.

"மாப்ள. நான் கட்டிப் புடிச்சப்ப, நீ பாத்துக்கினுதான இருந்த?"

"ஏங்க, அவருக்கு எப்படித் தெரியும்" என்றார் பாதர்.

"அவரு சொல்லட்டும் பாதர்."

இல்லை என்று சொன்னால் முடிந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு நின்றாலே போதும், வழக்கம்போல வாய் வரவில்லை என்று விட்டிருப்பார்கள். பெண்கள் பக்கம் மனைவி உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பதில் எதிர்பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது.

"ஆமா. பாத்துக்கினுதான் இருந்தேன்."

"தெரிஞ்சே?"

"தெரிஞ்சேதான்."

யாரும் சிரிக்கவில்லை. பாதர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "அப்போ சிமெண்டே போட்டுடுங்க" என்றார்.

மறுநாள் நானே கடப்பாரை எடுத்துப்போய்ப் பதினான்கையும் பிடுங்கினேன். யாரும் கைகொடுக்க வரவில்லை. அடிக்கட்டை ஒவ்வொன்றும் மண்ணை உதறியதும் நட்டபடியே இருந்தது. கொளுத்திவிடச் சொன்னார் மச்சான். இதைக் கொளுத்தினால் புகை பட்ட கண்ணும் தொண்டையும் வெந்துபோகும் என்று அவரிடம் நேராகவே சொன்னேன். இந்தத் தடவை சொன்னேன். குறுக்குக் கட்டைகளைக் கழற்றிக் கோயில் கிடங்கில் வைத்துவிட்டு, கால்களை மட்டும் என்னை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார் பாதர்.

ஏரிக்கரையில் இப்போது டைல்ஸ் ஒட்டிய தூண்கள். பன்னிரண்டாவதில் மச்சானின் பெயர் பெரிதாக இருக்கிறது. என்னைப் பேட்டரி தள்ளக் கூப்பிடுவதில்லை. மனைவி என்னோடு பேசுகிறாள், அண்ணனைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. கட்டைகள் எங்கள் தெருவேலியில் நிற்கின்றன, இரண்டு மழை பார்த்துவிட்டன, ஒரு கரையான் ஏறவில்லை. பன்னிரண்டாவதை வேலிக் கேட்டுக்குக் காலாக வைத்து, மண்ணெண்ணெய்த் துணியால் பலமுறை துடைத்து வெயிலில் விட்டேன். ஒருவழியாகக் காய்ந்துவிட்டது. பால்காரர் அதில்தான் கையூன்றி நின்று பால் ஊற்றுகிறார். மச்சான் கோயிலுக்குப் போகிற வழி அதுதான். எங்கள் வேலி வந்ததும் தெருவின் அந்த ஓரத்துக்குப் போய்விடுகிறார். நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.