டிம்ப்னா தராத சாவி

எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் ஏரித் தண்ணீர்தான். அதில் குளோரின் கலந்து அனுப்பும் கொட்டகை டிம்ப்னா ஹெனகன் பொறுப்பில் இருந்தது. யாரிடமும் நயமாகப் பேசத் தெரியாதவள் அவள்.

மே மாதப் பரிசோதனையில் தண்ணீரில் சாணக் கிருமி இருப்பது தெரிந்தது. அன்றே வீடு வீடாகப் போய், கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள் என்று சொன்னாள். மழைக்கு முன் ஏரிக்கரை வயலில் உரமாகச் சாணிக் கரைசல் அடித்தவன் ஃபெஸ்டி மேனியன் என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் ஃபெஸ்டி அவளை மறித்தான்.

"ஏன் டிம்ப்னா, எம் பொண்ணு மொதமொதலா புதுநன்மை வாங்குற வாரத்துலதான் நீ என் மானத்த வாங்கணுமா? எங்கப்பன் காலத்துலேர்ந்து இந்தத் தண்ணிதான் குடிக்கிறோம். எவன் செத்தான்?"

"உங்கப்பன் ரெண்டு மாடு வச்சிருந்தான். நீ மந்தையே வச்சிருக்க. உன் மாட்டுச் சாணிய நீயே குடி, ஊருக்கு ஊத்தாத."

சுற்றி நின்றவர்கள் ஃபெஸ்டி பக்கம் சேர்ந்தார்கள். அடுத்து நடந்த ஊர்த் தண்ணீர்க் கூட்டத்தில் கை தூக்கி அவளை நீக்கிவிட்டு, கொட்டகைச் சாவியைக் கேட்டார்கள். அவள் அன்று ஏரியில் மொண்ட தண்ணீரை ஒரு கிளாஸில் ஊற்றி மேசைமேல் வைத்தாள்.

"எவனாச்சும் இத ஒரு மடக்கு குடிங்க. சாவியத் தர்றேன்."

ஃபெஸ்டி திட்டிக்கொண்டே வெளியேறினான். மற்றவர்களும் கிளாஸைத் தொடவில்லை. சாவி அவளிடமே இருக்கிறது. அவள் குளோரினைக் கூட்டிக் கலந்ததில் தண்ணீரும் சுத்தமாகிவிட்டது. இன்றுவரை ஊர்க் கடைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அவளும் ஒருவரையும் மன்னிக்கவில்லை.