நாற்பத்தெட்டு நாள் பத்தியம்

அறுபதுகளின் கடைசியில் தாம்பரத்தில் கணக்கு ஆசிரியராக இருந்தேன். கல்யாணமாகி நான்கு வருஷம், இரண்டு மாதம். என் மனைவிக்குக் காசநோய் என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். மாத்திரையோடு தினமும் இரண்டு முட்டை, மீன், பால் கொடுக்க வேண்டும். ஐந்து மாதம் கொடுத்தேன். இருமல் நிற்கவில்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மூலிகை விற்ற வைத்தியர், ஆடாதொடை இலை, தூதுவளை, திப்பிலி மூன்றையும் கஷாயம் வைத்துத் தேன் விட்டுக் கொடுக்கச் சொன்னார். கஷாயத்தைக் குறை சொல்ல மாட்டேன். சளியை இளக்கத்தான் செய்தது. ஆனால் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பத்தியம். மீன் கூடாது, முட்டை கூடாது, இங்கிலீஷ் மருந்து கூடவே கூடாது. எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. மாத்திரைப் புட்டியை அலமாரியின் மேல் தட்டில் தூக்கி வைத்துவிட்டேன்.

காலையில் நான் எழுந்ததிலிருந்து காபி குடித்து முடிக்கும்வரை அவள் எத்தனை முறை இருமுகிறாள் என்று எண்ணி, காலண்டரில் பென்சிலால் எழுதினேன். முதல் நாள் நாற்பத்தொன்று. பத்தாம் நாள் இருபத்தாறு. முப்பதாம் நாள் ஒன்பது. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நாற்பத்திரண்டாம் நாள், கோவளத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரி தெருமுனையில் என்னை நிறுத்தினாள். நாங்கள் மீன் வாங்காததில் அவளுக்கு ஏற்கெனவே கோபம்.

“மீனு வேணாம்னுட்டே, சரி, உன் இஷ்டம். அக்கா எதுக்கு சார் டெய்லி கெணத்தாண்ட குந்திகினு, வாயில துணிய வச்சிகினு இருமுது? துணில ரத்தம் கீது சார்.”

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

“நம்பர் குறைஞ்சா உங்க முகம் எப்படி ஆயிடுது தெரியுமா? அதுக்காகத்தான் வெளியே போய் இருமினேன்.”

மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மாத்திரையை நிறுத்தியது யார் என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“நான்தான் டாக்டர். இவர் குடுத்துகிட்டுதான் இருந்தார். நான் துப்பிட்டேன்.”

அவர் அதை அப்படியே தாளில் எழுதினார். கட்டிலின் கால்மாட்டில் அது தொங்கியது. படித்த ஒவ்வொரு நர்ஸும் அவளைக் கடிந்துகொண்டார். பதினோரு பேர்வரை எண்ணினேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அறுபத்து மூன்று நாள்தான் உயிரோடு இருந்தாள். தினமும் இரண்டு வேளை போய்ப் பார்த்தேன். அந்தத் தாளைத் திருத்தச் சொல்ல எனக்கு நூற்றிருபத்தாறு வேளைகள் இருந்தன. ஒரு வேளையும் சொல்லவில்லை.