உள்ளே விட்ட துணி

ஓரகத்தி சாப்பிடுவதைப் பார்த்தாலே தையல்காரிக்கு வயிறு எரியும். சர்க்கரை நோய் வந்து இவள் வாயைக் கட்டி ஆறு வருடம் ஆகிறது. இவள் தட்டில் அவித்த காய், அவித்த முட்டை. எதிரில் அவள் சுவருக்குச் சாந்து பூசுவது போல ரொட்டியில் வெண்ணெய் பூசிக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஓட்டல் வரவேற்பில் வேலை. மிஞ்சிய பொரித்த கோழியும் சீஸும் கிரீம் கேக்கும் டப்பா டப்பாவாக வீட்டுக்கு வரும். அத்தனை தின்றும் கையும் காலும் குச்சிதான். வீட்டில் அவளுக்குப் பெயரே ஊசி.

“கல்யாணத்தப்ப எடுத்த அளவுதான் எனக்கு இன்னும். அக்காவையே கேளுங்க, அவங்கதானே தைக்கறாங்க.”

மாமியார் பெரிய மருமகள் பக்கம் திரும்பிச் சிரிப்பார். “இவளுக்குப் பச்சத் தண்ணி குடிச்சாலும் இடுப்புல போய் உக்காந்துக்குது.”

தையல்காரி பதில் பேசுகிறவள் இல்லை. தட்டோடு எழுந்துவிடுவாள்.

அந்த மாதம் சர்க்கரை அளவு பார்க்க ரத்தம் கொடுக்கப் போன இடத்தில், தன்னையும் மீறி நர்ஸிடம் வாய்விட்டுவிட்டாள். “வெண்ணெயா திங்கறவ நல்லாத்தான் இருக்கா. எனக்கு மட்டும் ஏன்?”

“ஒல்லியா இருந்தா தப்பிச்சாங்கன்னு இல்லம்மா. தெனமும் அவ்வளவு கொழுப்பு போனா, மிச்சம் கல்லீரல்லயும் தசையிலயும் தங்கிடலாம். அப்புறம் இன்சுலின் வந்து தட்டினாலும் தசை சர்க்கரைய உள்ள விடாது. உடம்பு இன்னும் இன்னும் இன்சுலின் சுரந்து சமாளிக்கும். அதனால ரொம்ப நாள் வெளிய தெரியாது. இடுப்பு மட்டும் ஏறும். சிலருக்குப் பின்கழுத்து கறுக்கும், உங்களுக்கு இருந்துச்சே, அந்த மாதிரி.”

அதே வாரம் ஊசி புதுச் சீருடைத் துணியும், அளவுக்கு ஒரு பழைய கால்சட்டையும் கொண்டுவந்து போட்டாள். தையல்காரி கால்சட்டையை உள்புறம் திருப்பினாள். முதலில் தைத்தபோது இடுப்பின் பின் தையலில் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் துணி விட்டிருந்தாள். இப்போது நூல் அகலம்கூட மீதியில்லை.

“துவைச்சதுல சுருங்கிடுச்சு போலக்கா” என்று ஊசி சொல்லும்போதெல்லாம் இவள் பிரித்து அரை அங்குலம் விட்டுத் தந்திருக்கிறாள். இப்படி எட்டு முறை; ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை. பருத்துவிட்டீர்கள் என்று சொன்னால் வாடிக்கை போய்விடும். துணிமேல் பழியைப் போடுவதுதான் தொழில் மரியாதை. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்திருந்தது. நோட்டில் மட்டும் பழைய இருபத்தெட்டு அப்படியே இருந்தது. எந்த இடுப்பைப் பார்த்து இத்தனை நாள் வயிறெரிந்தாளோ, அதை மறைத்து வைத்ததே இவள் கைதான்.

முதலில் வந்தது சந்தோஷம். மாமியார் முன்னால் அளந்து காட்டிவிட வேண்டும் என்றுகூட நினைத்தாள். டேப்பை எடுத்துக்கொண்டு ஊசியைக் கூப்பிட்டாள். இடுப்பு முப்பத்திரண்டு. கழுத்தளவுக்காகக் கூந்தலைத் தூக்கினாள். பின்கழுத்தில் அழுக்குப் போல ஒரு கறுப்பு. ஆறு வருடத்துக்கு முன் இவள் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோற்ற அதே கறுப்பு. சந்தோஷம் வந்த வழியே போய்விட்டது.

“நாளைக்கு வெறும் வயித்தோட என்கூட வா. ரத்தம் பாக்கணும்.”

“எனக்கா? நல்லாருக்கேன்ல, உங்களுக்குப் பொறுக்கலையா?”

“பொறுக்கலதான். கல்யாணமாகி நீ வந்த நாள்லேர்ந்தே பொறுக்கல. அதுக்காக டேப் பொய் சொல்லுமா? துணி ஒரு தடவையும் சுருங்கலடி. நான்தான் விட்டு விட்டுத் தந்தேன்.”

இவள் இத்தனை பேசி ஊசி கண்டதில்லை. மறுநாள் கூடவே வந்தாள். தையல்காரிக்கு எப்போதும் மூன்று குத்து; ஊசிக்கு முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. அதற்கும் இவளுக்கு வயிறு எரிந்தது.

“இன்னும் நோய் இல்ல, விளிம்புல இருக்கு. சாப்பாட்ட மாத்தி, தெனம் நடந்தா திரும்பிடலாம்” என்றார் நர்ஸ், பரிசோதனை முடிவைப் பார்த்து.

ராத்திரி இரண்டு தட்டிலும் அவித்த முட்டை. “இதையாக்கா ஆறு வருஷமா திங்கறீங்க?” ஊசிக்குக் கண் கலங்கியிருந்தது.

“சாப்பிடு. உனக்குத் திரும்ப வழி இருக்கு” என்றாள் தையல்காரி. எனக்கு அன்று சொல்ல ஆளில்லையே என்று நினைத்தபோது வயிறு மறுபடி லேசாக எரிந்தது. தன் தட்டிலிருந்த பெரிய முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.