தூளியில் அழாத பிள்ளை

பிள்ளை அழவில்லை, சபையாரே. அதுதான் எனக்குப் பயமாயிருந்தது.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களில் பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்களே, போன வருடம், அப்போது நடந்தது இது. பொந்தியான் ஊரிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் தோட்டம். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் தாய்மார் விடியும் முன்பே பிள்ளைகளைக் கொண்டுவந்து கொட்டகைத் தூளிகளில் போட்டுவிட்டுப் போவார்கள். பார்த்துக்கொள்ளும் ஆயா நான். அன்று செல்லம்மாள் தன் கைப்பிள்ளை ராசுவைப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே ஓடினாள். பெரட்டில் பேர் கொடுக்க நேரமாகிவிட்டது போலும் என்று நினைத்தேன்.

ராசு அழுதால் கொட்டகை இரண்டாகும். அன்று வெயில் ஏறியும் சத்தமே இல்லை. தூக்கினேன். தலை துவண்டு விழுந்தது. உடம்பில் சூடு இல்லை. ஒரு மூச்சு வந்தால் அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

நான் போட்ட கூச்சலில், தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கொடுக்கும் டிரசர் ஐயா மருந்துப் பெட்டியோடு ஓடி வந்தார். கண்ணைத் திறந்து பார்த்தார். வயிற்றைத் தொட்டார்.

"என்னமோ உள்ள போயிருக்கு. ரப்பர் பாலை உறைய வைக்கிற அமிலமா இருந்தா வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, செத்துப் போகும். வேற எதுவானா வயித்தைக் கழுவியே ஆகணும். என்னன்னு தெரியாம நான் கை வைக்க மாட்டேன்."

அதற்குள் செல்லம்மாள் வந்துவிட்டாள். பின்னாலேயே கங்காணி. அவள் புருஷன் வீரன் பால் வெட்டும் உளியைக் கூடக் கீழே போடாமல் வந்து நின்றான்.

"இன்னும் முழிக்கலயா அக்கா?" என்றாள் செல்லம்மாள்.

பிள்ளை தூங்குகிறான் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. இவளே எதையோ கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. 'அடிப் பாவி' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. என் வாயைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே.

"எவ என்ன குடுத்திருந்தாலும் சரி, தொரைகிட்ட சொல்லி அடுத்த கப்பல்ல ஏத்திருவேன்!" என்று கத்தினார் கங்காணி.

"சொல்லுடி!" என்று வீரன் அவள் கொண்டையைப் பிடித்தான்.

"சத்தியமா ஒண்ணும் குடுக்கல" என்றாள் அவள். அவர்கள் கத்தக் கத்த அவள் வாய் இறுகிக்கொண்டே போனது. என் கையில் பிள்ளையின் மூச்சு இளைத்துக்கொண்டே வந்தது.

நான் கண்ணைக்கூட மூடவில்லை. "ஆண்டவரே, எனக்குப் புத்தி போதாது. நீர் தாரும். இப்பவே தாரும்" என்று உள்ளுக்குள்ளே கெஞ்சினேன்.

வானத்திலிருந்து சத்தம் எதுவும் கேட்கவில்லை. தரிசனமும் இல்லை. ஆனால் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். செல்லம்மாளின் கண் பிள்ளை மேல் இல்லை, வீரனின் கைமேல் இருந்தது. இந்தக் கூட்டம் இருக்கும்வரை இவள் சொல்ல மாட்டாள் என்று பட்டது. நாக்கு நுனியில் நின்ற சொல்லை விழுங்கினேன்.

"கங்காணி அண்ணே, பிள்ளைக்குக் காத்து வேணும். எல்லாரையும் கூட்டிட்டு வெளிய போங்க. வீரா, ஓடிப் போய் சுடுதண்ணி கொண்டா."

போனார்கள். பிள்ளையை அவள் மடியில் வைத்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"செல்லம்மா, இவனுக்குக் கெடுதல் வரட்டும்னு நீ எதுவும் செய்யல. எனக்குத் தெரியும். இங்க டிரசர் ஐயாவும் நானும்தான் இருக்கோம். நீயா சொல்லச் சொல்ற வரைக்கும் என் வாயில இருந்து வராது."

அவள் உடைந்துவிட்டாள்.

"அபின் அக்கா. அவரு கால் வலிக்கு வச்சிருந்தது. இவன் அழுதா என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டு விடுறாங்க, வெட்டு பாதியில நிக்குது. பேரை வெட்டிக் கப்பல்ல ஏத்திருவாங்கன்னு பயம். விரல்ல தொட்டு நாக்குல வச்சேன். இன்னைக்குக் கொஞ்சம் கூடிப் போச்சு."

டிரசர் ஐயா அதற்குமேல் ஒரு நொடி நிற்கவில்லை. வயிற்றைக் கழுவினார். கடுங்காப்பியைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தூங்க விடாதே என்று உள்ளங்காலில் தட்டச் சொன்னார். நானும் அவளும் மாறி மாறித் தட்டினோம். நடுவில் ஒரு தடவை மூச்சு நின்றேவிட்டது. செல்லம்மாள் தன் சாமியைக் கூப்பிட்டாள், நான் என் ஆண்டவரைக் கூப்பிட்டேன். டிரசர் ஐயா பிள்ளையின் வாயில் வாய் வைத்து ஊதினார். நெஞ்சு எழும்பியது. வெயில் சாயும் நேரம் ராசு முகத்தைச் சுளித்தான். பிறகு அழுதான். கொட்டகை இரண்டாகிற அதே அழுகை.

என்ன நடந்தது என்று கங்காணி கேட்டார். "பிள்ளை பிழைச்சிருச்சு அண்ணே. கைப்பிள்ளைக்காரிகளுக்குக் கொட்டகைக்குப் பக்கத்துல மரம் குடுங்க, அது போதும்" என்றேன். கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டுக் கொடுத்தார்.

அன்றிலிருந்து, தூளியைத் தொடுமுன் ஆண்டவரிடம் புத்தி கேட்கிறேன். பிள்ளையைக் கையில் வாங்குமுன் தாயின் முகத்தைப் பார்க்கிறேன். எனக்குள்ள கோபம் எங்கும் போய்விடவில்லை. ஆனால் வாய் திறக்குமுன் ஒரு மூச்சு ஜெபம் பண்ணப் பழகியிருக்கிறேன். நீங்களும் கேளுங்கள். வீட்டிலோ வேலைக்காட்டிலோ கொதித்து நிற்கும்போதே கேளுங்கள். என்னைப் போன்ற வாயாடிக்கே கொடுத்தவர் உங்களுக்கா இல்லையென்பார்?

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள் எப்படிச் சொல்கிறாய் என்பீர்கள். நேற்று செல்லம்மாளே வந்து, "உங்க கோயில்ல சொல்லுங்கக்கா. இன்னும் எவ விரல்ல அபின் இருக்கோ" என்றாள். அதோ, வாசலில் நிற்கிறாள். இவ்வளவு நேரமும் அங்கே கத்திக்கொண்டிருப்பது ராசுதான். தயவுசெய்து யாரும் அவனை அதட்டாதீர்கள். அவன் அழட்டும்.