தேசிக்காய் தேய்த்த கயிறு

பாலையூற்றிலிருந்து நான் கரைக்கு வந்து சேர்வதற்குள் தம்பியின் மீன்பிடி போட்டு கடலுக்குப் போய்விட்டிருந்தது. அது நின்ற இடத்தில் அவனுடைய பழைய நைலோன் கயிறு கிடந்தது. பக்கத்தில் குங்குமம் தடவிய இரண்டு தேசிக்காய்ப் பாதிகள், சொட்டுச் சாறில்லாமல் பிழிபட்டுக் கிடந்தன.

“புதுக் கயிறெல்லோ மச்சாள், கண்ணூறு படக்கூடாதெண்டு முடிச்சில நல்லாத் தேய்ச்சுத்தான் கட்டினவர்” என்றாள் அவன் மனைவி.

நங்கூரத்துக்கு அவன் கட்டிப்போனது எங்கள் ஆய்வுகூடத்தில் நான் செய்து அவனுக்குக் கொடுத்த பிளாஸ்டிக் கயிறு. அந்தப் பிளாஸ்டிக்கின் பெருமையே அது பிரியும் என்பதுதான். பழசானதும் அமிலத்தில் ஊறவைத்தால், நூலறுந்த மணிமாலைபோல உதிர்ந்து பழைய மூலப்பொருளாகவே திரும்பிவிடும். அதிலிருந்து மறுபடி கயிறு திரிக்கலாம். துறைமுகத்தில் மிதக்கிற வலைக்குப்பையைப் பார்த்து எரிச்சல்பட்டுத்தான் இந்த வேலையில் இறங்கினேன். உப்புத்தண்ணீர், வெயில், டீசல் எல்லாவற்றிலும் போட்டுச் சோதித்தோம். தேசிக்காய் மட்டும் ஞாபகம் வரவில்லை. இந்தக் கரையில் பிறந்த எனக்கே வரவில்லை.

கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. கயிறு அறுந்தால் போட்டு வெளிக்கடலுக்குத்தான் போகும். அவனுடைய எஞ்சினோ நினைத்தால் ஓடும், நினைத்தால் படுத்துவிடும். போனும் எடுபடவில்லை. ஆய்வுகூடத்து அமிலம் வேறு, தேசிக்காய்ப் புளி வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானே அதை நம்பவில்லை. மச்சாளிடம் வாய் திறக்கவும் பயமாக இருந்தது.

மத்தியானம் சரிந்த பிறகு போட்டு வந்தது. தண்ணீருக்குள் இறங்கினேன்.

“கயிறு நல்லம் அக்கா. அசையாமல் பிடிச்சது.”

முடிச்சை அவிழ்த்தேன். புளி பட்ட இடம் கையில் பிசுபிசுத்தது. இழுத்துப் பார்த்தேன். பெரிய பலம் வேண்டியிருக்கவில்லை, இரண்டாக வந்தது.

“தேசிக்காய் திண்டுபோட்டுது” என்றேன்.

தம்பி இரண்டு நுனிகளையும் வாங்கிப் பார்த்தான்.

“இல்லை அக்கா. கரை சேருமட்டும் அறாமல் வச்சிருந்ததே அந்தத் தேசிக்காய்தான். அடுத்த கயித்துக்கும் வெட்டித்தான் கட்டுவன்.”

அவன் பகிடிக்குச் சொல்லவில்லை. நான் பழைய நைலோன் கயிற்றைத் தூக்கிக்கொண்டுபோய் அவன் போட்டுக்குள் வைத்தேன்.